நீக்கங்கள் நீக்கப்பட்ட பிரதி

மறுமதிப்பீட்டு மன்றத்தின் வேலை, ஒரு காலத்தில் மோசம் என்று சொல்லப்பட்ட படங்களைப் பிற்காலத்தில் நல்ல படங்கள் என்று அறிவிப்பது. அன்று மோசம் என்று சொன்னவர்களும் இன்று அறிவிப்பவர்களும் ஒரே ஆட்கள்தான். ஆளை மாற்றினால் அனுபவம் வீணாகிவிடும் என்று மன்றத்தின் செயலர் சொல்வார்.

மன்றத்துக்குச் சொந்தமாக இரண்டு மாடிக் கட்டடம் இருந்தது. முதல் மாடியில் குறைத்து மதிப்பிடப்பட்ட படங்களுக்கான பிரிவு. இரண்டாம் மாடியில் கூட்டி மதிப்பிடப்பட்ட படங்களுக்கான பிரிவு. முதல் மாடி ஒரு படத்தைத் தூக்கி நிறுத்தும். பத்து வருடம் கழித்து, இவ்வளவு தூக்கியிருக்கக் கூடாது என்று இரண்டாம் மாடி அதை இறக்கும். இறக்கியது அநியாயம் என்று மறுபடி முதல் மாடிக்கு வரும். இப்படியே போனால் புதுப் படம் ஒன்றும் வராவிட்டாலும் இன்னும் மூன்று தலைமுறைக்கு யாருக்கும் வேலை போகாது.

இந்த வருடம் முதல் மாடி எடுத்துக்கொண்டது ஒரு குற்றப் படம். தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்த படம்.

அந்தத் தொடர் ஓடிய காலத்தில் அந்த நேரத்துக்கு யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டார்கள். ஒரே ஒரு கொலை. அதைத் துப்பறிய அந்த அதிகாரிக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. செத்தவனின் சொந்தக்காரர்களே சலித்துப்போய் வேறு தொடருக்கு மாறியிருப்பார்கள். பார்த்தவர்கள் மாறவில்லை. பிறகு அதையே படமாக எடுத்தார்கள். பெயர் அதேதான். நடிகர்கள் வேறு, கொலைகாரன் வேறு, நீளம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தியேட்டரை விட்டு வெளியே வந்த ஜனங்கள், பாக்கெட்டில் இருந்ததைப் பறிகொடுத்தவர்கள் மாதிரி கடிகாரத்தைப் பார்த்தார்கள். "தொடர் மாதிரி இல்லையே" என்றார்கள். படம் ஒரே வாரத்தில் தியேட்டர்களிலிருந்து தூக்கப்பட்டது.

அப்போது ஒரு விமர்சகர் எழுதினார்: 'இந்தப் படத்தில் நடந்த ஒரே கொலையைச் செய்தவர் எடிட்டர்.'

சின்ன வரி. வாயில் போட்டதும் கரைகிற வரி. படம் பார்த்தவர்கள் சொன்னார்கள், பார்க்காதவர்கள் அதைவிட அதிகமாகச் சொன்னார்கள். எடிட்டர் ஒரு பெண். முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் படம் கொடுக்கவில்லை. கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பார்த்தாள். "இந்தப் பையனுக்கு மூணு மாமா எதுக்கு, ரெண்டு போதும்" என்று ஒரு மாமாவை அடியோடு தூக்கிவிட்டதில் அந்த வேலையும் போயிற்று. நாலு வருடம் கழித்து ரத்தத்தில் ஒரு நோய் வந்தது. அதுவும் அவளை மாதிரியே சுருக்கமாக முடித்துக்கொண்டது. பத்திரிகையில் இரங்கல் செய்தி இரண்டு வரி வந்தது. இரண்டாவது வரி, அந்த வரிதான்.

அவளுடைய கணவர் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். கண் சோதித்து மூக்குக்கண்ணாடி போட்டுக்கொடுக்கிற கடை. தெருவில் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். சினிமாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணமான புதிதில், படம் நடுவே தூங்கிப்போய் அவளிடம் திட்டு வாங்கியவர்.

மன்றத்திலிருந்து போன் வந்தபோது அவர் ஓர் அம்மாளுக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தார்.

"கீழ் வரியப் படிங்கம்மா."

"கீழ வரி இருக்கா?"

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. செயலர் பேசினார். "மறைந்த படத்தொகுப்பாளரின் எஞ்சிய தரப்பு தாங்கள்தானே?"

"நான் அவ புருஷன்."

"அதைத்தான் கேட்டேன்."

படம் மறுமதிப்பீட்டுக்கு எடுக்கப்பட்டிருக்கிறது, விசாரணைக்கு அவர் வர வேண்டும், கறுப்பு அல்லாத உடையில் வந்தால் நல்லது, துக்கம் மதிப்பீட்டைப் பாதிக்கும் என்றார் செயலர்.

அவர் கடையை அடைத்துவிட்டு வரும்போது வீட்டில் மைத்துனி உட்கார்ந்திருந்தாள். மனைவியின் தங்கை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. வாரம் ஒருமுறை வந்து, அத்தானுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டுப் போவாள். பேச்சு எப்போதும் மைதானத்தின் அடுத்த முனைக்குக் கேட்கிற மாதிரி இருக்கும்.

"போகாதீங்க அத்தான். அவனுங்க உங்களை நாற்காலில உக்கார வெச்சு போட்டோ எடுத்துட்டு அனுப்பிடுவானுங்க."

"அந்த வரிய வாபஸ் வாங்கச் சொல்லப் போறேன். அவ்வளவுதான்."

"வாங்கிட்டா? அக்கா எந்திரிச்சு வரப்போறாளா?"

"மாட்டா."

"அப்புறம்?"

"என்னைக்காவது யாராவது நெட்டுல அவ பேரைத் தேடினா அந்த வரி மட்டும்தான் வருது. நான் தினமும் தேடறேன். வேற எதுவும் வர்றதில்ல."

மைத்துனி எழுந்துபோய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை இன்னொரு தடவை கழுவினாள்.

*

மன்றத்தின் கூட்ட அறை குளிராக இருந்தது. நீள மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பென்சில், எழுதாத தாள். தலைவர் நடுவில் இருந்தார். அவர் எதையும் இரண்டு தடவை சொல்வார். முதல் தடவை சொன்னதை யாரும் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாதல்லவா. அவருக்கு வலப்பக்கம் பேராசிரியர். அவர் பேசத் தொடங்கினால் செயலர் சன்னலைத் திறந்துவிடுவார். இடப்பக்கம் வெள்ளைத்தாடியோடு சிரித்த முகமாக ஒருவர் இருந்தார். அவர்தான் அந்த விமர்சகர்.

கண்ணாடிக்காரர் அவரை முன்னே பின்னே பார்த்ததில்லை. மனதில் அவருக்கு வேறு முகம் கொடுத்து வைத்திருந்தார். இவரோ எழுந்துவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க மனைவிய எனக்கு நல்லாத் தெரியும். நான் எழுதின வரிகள்லயே ரொம்ப நாள் உசிரோட இருக்கறது அவங்களப் பத்தின வரிதான்."

"அதைப் பத்தித்தான் பேச வந்தேன்."

"பேசலாம், பேசலாம். நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க."

தலைவர் கூட்டத்தைத் தொடங்கினார். "இது ஒரு மகத்தான படம். இது ஒரு மகத்தான படம்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். கண்ணாடிக்காரர் "நீங்க எல்லாரும் மறுபடி பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அறையில் ஒரு சங்கடம் பரவியது. கல்யாண வீட்டில் சம்பந்தியின் வயதைக் கேட்டுவிட்ட மாதிரி. செயலர் விதிகளை விளக்கினார். மறுமதிப்பீடு முடியும்வரை உறுப்பினர்கள் படத்தைப் பார்க்கக் கூடாது.

"பாக்காம எப்படி?"

விமர்சகர் பொறுமையாகச் சொன்னார். "பாத்துட்டுத்தானே அன்னைக்கு தப்பா எழுதினேன்? அதே தப்பை இன்னொரு தடவை பண்ணச் சொல்றீங்களா?"

பேராசிரியர் முன்னால் குனிந்தார். செயலர் சன்னலைத் திறந்தார். "பார்வை என்பதே ஒரு முன்முடிவு. ஒரு படத்தைப் பார்ப்பவன் அந்தப் படத்தின் பிடிக்குள் சிக்கிக்கொள்கிறான். அது நன்றாக இருந்தால் பிடித்துப்போகிறது, மோசமாக இருந்தால் பிடிக்காமல் போகிறது. இப்படிப் படமே நம் கருத்தைத் தீர்மானிக்க விடலாமா? நான் என் வாழ்நாளில் நாற்பது படங்களை மறுமதிப்பீடு செய்திருக்கிறேன். ஒன்றால்கூட நான் பாதிக்கப்படவில்லை."

தலைவர் கைதட்டினார். பிறகு இன்னொரு தடவை தட்டினார்.

*

இரண்டாவது கூட்டத்தில்தான் விஷயம் புரிந்தது. மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு படத்தைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்று அறிவித்தால் மட்டும் போதாது. யாரால் அப்படி ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். படம் குற்றமற்றது என்றால் குற்றம் வேறு யாரிடமோ இருக்கிறது. அந்த ஆளைக் கண்டுபிடிக்காமல் கோப்பு மூடாது.

செயலர் பென்சிலால் ஒவ்வொரு தரப்பாகத் தொட்டு வந்தார்.

"விமர்சகர்கள்?"

"அவங்க இங்க உக்காந்திருக்காங்களே" என்றார் விமர்சகர்.

"பார்வையாளர்கள்?"

"மக்கள் தவறு செய்வதில்லை. மக்கள் தவறு செய்வதில்லை" என்றார் தலைவர்.

"தயாரிப்பாளர்?"

எல்லாரும் குளிரூட்டும் இயந்திரத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். அதன்மேல் அவர் பெயர் எழுதியிருந்தது.

"இயக்குநர்?"

"உயிரோட இருக்கார். வக்கீல் வெச்சிருக்கார்."

"நடிகர்கள்?"

"அவங்க ரசிகர்கள் உயிரோட இருக்காங்க."

பென்சில் நின்றது. கண்ணாடிக்காரருக்கு, பேருந்தில் எல்லாரும் இறங்கிய பிறகு தான் மட்டும் உட்கார்ந்திருக்கிற உணர்வு வந்தது.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "அப்படியென்றால் வெட்டியவர்."

"அவ செத்துப்போயிட்டா" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஆமாம்" என்றார் செயலர் கனிவாக. "இறந்தவர்கள் எங்களோடு எப்போதுமே முழு ஒத்துழைப்புத் தருகிறார்கள்."

தீர்மானம் உடனே தயாரானது. இது ஒரு மகத்தான படம், அந்த மகத்துவம் முழுக்க வெட்டப்பட்ட பகுதிகளில் இருக்கிறது, மிச்சம் இருக்கும் படத்தில் அது தெரியாமல் போனதற்கு மிச்சமே காரணம், ஆகவே வெட்டப்பட்டவை அனைத்தையும் மீட்டு ஒட்டி, நீக்கங்கள் நீக்கப்பட்ட பிரதி ஒன்றை மன்றம் வெளியிடும்.

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். எழுந்து நின்று பேசி அவருக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் வருகை சொன்னதோடு சரி.

"அவ வெட்டினதுதான் சார் அந்தப் படம். எனக்கு சினிமா தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். அதுல ஒரு இடம் வரும். பையன் செத்துட்டான்னு சொல்ல அந்த அதிகாரி அவங்க அம்மா வீட்டுக்குப் போவார். பெல் அடிப்பார். அந்தம்மா கதவைத் திறந்து அவர் முகத்தைப் பாக்கும். ஒரு வார்த்தை பேசாது. உள்ள போயி அடுப்பை அணைக்கும். அவ்வளவுதான். அடுத்த காட்சி வந்துரும். எடுக்கும்போது அந்தம்மா அரை மணி நேரம் அழுதுதாம். இவ வீட்டுல உக்காந்து அதை இருபது நாள் பாத்தா. சாப்பிடும்போதும் பாத்தா. கடைசியில எல்லாத்தையும் எடுத்துட்டு அடுப்பை மட்டும் வெச்சா. ஏன்னு கேட்டேன். 'அழறது எல்லாருக்கும் தெரியும். முதல்ல அடுப்பைத்தான் அணைப்பாங்க'ன்னா."

அவர் நிறுத்தினார். மருத்துவமனையில் டாக்டர் வெளியே வந்து தன்னைப் பார்த்தபோது, கையில் இருந்த தண்ணீர் பாட்டிலுக்கு மூடி எங்கே என்று தரையெல்லாம் தேடியதை அவர் சொல்லவில்லை. தேடியெடுத்து, மூடி, அதன் பிறகுதான் டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். இதை யாரிடம் சொல்வது.

விமர்சகர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அவர் மனம் மாறிவிட்டதோ என்று கண்ணாடிக்காரர் நினைத்தார்.

"அரை மணி நேர அழுகையா!" என்றார் விமர்சகர் மெதுவாக. "இத்தனை வருஷமா இது எங்களுக்குத் தெரியாமப் போச்சே. அது எங்க இருக்கும்?"

*

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள் மைத்துனி. "உங்களுக்கு வாயே கிடையாது. அப்படியே இருந்திருந்தா இதாவது மிஞ்சியிருக்கும். போயி அவனுங்களுக்கு வழி காட்டிட்டு வந்திருக்கீங்க."

"ஒரு வழி இருக்கு" என்றார் அவர். "அந்தப் படத்துலேர்ந்து அவ பேரை எடுத்துரச் சொல்றேன்."

மைத்துனி அவரையே பார்த்தாள். "பேரைக் காப்பாத்தறேன்னு போயி பேரையே எடுக்கப் போறீங்களா?"

"வேற என்ன பண்றது?"

"நானும் வர்றேன்" என்றாள். விசில் தொங்கும் கழுத்தோடு அப்படியே கிளம்பினாள்.

செயலர் அவர்களை உட்காரச் சொன்னார். கோரிக்கையைக் கேட்டார். உண்மையாகவே வருந்தினார்.

"பெயரை எடுக்க வேண்டுமென்றால் தலைப்பு அட்டையில் அந்த மூன்று விநாடியை வெட்ட வேண்டும். மன்றத்துக்கு வெட்டும் அதிகாரம் இல்லை. ஒட்டும் அதிகாரம் மட்டும்தான்."

"ஏங்க, அவ வெட்டினதையெல்லாம் திருப்பி ஒட்டிட்டு, எடிட்டிங்ன்னு அவ பேரையே போடுவீங்களா?" என்றாள் மைத்துனி.

"பெயர் இருந்தது. அதை மதித்து அப்படியே வைத்திருக்கிறோம்."

"வேலைய எடுத்துட்டு பேரை மதிக்கிறீங்க."

"அழகாகச் சொன்னீர்கள்" என்று செயலர் குறித்துக்கொண்டார். "விழா மலரில் போடலாம்."

மைத்துனியின் கை விசிலுக்குப் போனது. கண்ணாடிக்காரர் அவள் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தார். படிக்கட்டில் வைத்து அவள் அதை ஊதினாள். முதல் மாடியில் இருந்தவர்கள் அனைவரும் தேநீர் நேரம் என்று நினைத்துக் கீழே இறங்கிப் போனார்கள்.

*

மீட்புப் பணியில் ஒரு சின்னத் தடங்கல் வந்தது. வெட்டப்பட்ட பகுதிகள் எங்கும் இல்லை. படம் தோற்றதுமே தயாரிப்பாளர் அவற்றை அழித்துவிட்டிருந்தார். வேறு ஆட்களாக இருந்தால் இந்த இடத்தில் மனம் தளர்ந்திருப்பார்கள். மன்றம் தளரவில்லை. படம் தொடரிலிருந்து வந்தது. அப்படியானால் படத்தில் இல்லாதது எல்லாம் தொடரில் இருக்கிறது. தொடரில் இருந்து படத்தில் இல்லாதது எதுவோ அதுவே வெட்டப்பட்டது. பேராசிரியர் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். தலைவர் இரண்டு தடவை ஒப்புக்கொண்டார்.

தொடர் முழுவதையுமே ஒட்ட வேண்டும் என்றார் விமர்சகர். இருக்கைகள் தாங்காது என்று தலைவர் பதினோரு மணி நேரத்தில் நிறுத்திக்கொண்டார். அது வெட்டு ஆகாதா என்று யாரோ கேட்டதற்கு, நிறுத்திவைப்பு என்று பதில் வந்தது.

பிரதியின் முதல் காட்சிக்குக் கண்ணாடிக்காரரும் மைத்துனியும் போனார்கள். முன்வரிசையில் 'எஞ்சிய தரப்பு' என்று எழுதி ஒட்டிய இரண்டு நாற்காலிகள் இருந்தன.

காலையில் ஆரம்பித்தது. படத்தில் அந்த அதிகாரி நெட்டையானவர், மீசை இல்லாதவர். தொடரில் குட்டையானவர், அடர்ந்த மீசைக்காரர். இங்கே நெட்டையானவர் பிணத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தார். வெளியே வந்தது குட்டையானவர், மீசையோடு. காரில் ஏறும்போது மறுபடி வளர்ந்தார். பின்வரிசையில் பேராசிரியர் "அடையாளத்தின் சிதைவு" என்று முனகுவது கேட்டது.

தொடரில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாட்டோடு தொடங்கும். அந்தப் பாட்டும் வந்தது. ஒவ்வொரு தடவையும் வந்தது. 'இதுவரை நடந்தது' என்று சற்று முன்பு நடந்ததை மறுபடி காட்டினார்கள். தலைவர் நெகிழ்ந்துபோனார். அவருக்கு அது தன்னிடம் நேரடியாகப் பேசுவது போலிருந்தது. பதிவில் கூடவே வந்த சோப்பு விளம்பரத்தையும் நீக்கவில்லை. பிணத்தின்மேல் துணியை மூடியதும் ஒரு குடும்பம் நுரைக்கு நடுவே சிரித்தது. நீக்க அதிகாரம் இல்லை.

பிறகு அந்தக் காட்சி வந்தது. பெல் அடித்தது. அந்த அம்மாள் கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் உள்ளே திரும்பினாள். திரும்பியதும் வேறொரு அம்மாளானாள். தொடரில் நடித்தவள், குண்டானவள். அவள் சுவரில் மோதிக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கத்தினர் வந்து அழுதார்கள். செத்தவனின் காதலி வந்து அழுதாள், அவளைப் பார்த்து அம்மாள் மறுபடி முதலிலிருந்து அழுதாள். பாட்டு வந்தது. இதுவரை அழுதது என்ன என்று காட்டினார்கள். பிறகு மிச்சத்தை அழுதார்கள். இவ்வளவும் நடந்து முடிகிறவரை உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் முதல் அம்மாள் வந்து அதை அணைத்தாள். தியேட்டர் முழுக்க மூக்குச் சிந்தும் சத்தம்.

"அத்தான், போயிரலாம்" என்றாள் மைத்துனி.

"இரு. பேர் கடைசியில இன்னொரு தடவை வரும்."

படத்தில் கொலை செய்தது வீட்டுச் சொந்தக்காரர். தொடரில் கொலை செய்தது டாக்டர். பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பேரையும் கைது செய்தார்கள், இரண்டு அதிகாரிகளும். ஒருவனை இரண்டு பேர் தனித்தனியாக எப்படிக் கொல்ல முடியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் விழித்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். திரையில் அவள் பெயர் வந்தது. அந்த நாலைந்து பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

*

மறுநாள் விமர்சகர் எழுதினார். முழுப் பக்கம். தன் வாழ்நாளில் தான் செய்த ஒரே தவற்றைத் திருத்திக்கொள்வதாகத் தொடங்கினார். 'இந்தப் படத்தில் நடந்த ஒரே கொலையைச் செய்தவர் எடிட்டர் என்று எழுதினேன். அந்த வரியை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எவ்வளவு பெருந்தன்மையான எடிட்டர்! பதினோரு மணி நேரத்தில் ஒரு காட்சியைக்கூட அவர் வெட்டவில்லை.'

கண்ணாடிக்காரர் கடையில் அதைப் படித்தார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. வரியை வாபஸ் வாங்கச் சொன்னார், வாங்கிவிட்டார்கள். வழக்கம்போல அவள் பெயரைத் தேடினார். இப்போது நிறைய வந்தது. பொறுமையின் அரசி. நீளத்தின் தாய். எதையும் விட்டுக்கொடுக்காதவள். போனில் அப்பாவிடமே மூன்று வார்த்தைக்கு மேல் பேசாமல் வைத்துவிடுகிற பெண் அவள். மைத்துனி அந்தப் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். கெட்ட வார்த்தைகளைப் படிப்பதுபோல இருந்தது.

"அந்தப் பழைய வரியே பரவால்ல" என்றாள் கடைசியில். "அதுலயாவது அக்கா வெட்டினான்னு இருந்துச்சு."

மன்றம் விழா எடுத்தது. அந்த ஆண்டின் சிறந்த படத்தொகுப்புக்கான விருது அவளுக்கு. உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுத்தால் மற்றவர்கள் மனம் வருந்துவார்கள், இதில் அந்தச் சங்கடம் இல்லை என்று செயலர் மேடையில் விளக்கினார். பேராசிரியர் பேசினார். விமர்சகர் பேசினார். பேசும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் அவளும் ஒரு வரியால் பிணைக்கப்பட்டவர்கள் என்றார். தலைவர் பேசினார். பிறகு பேசினார். கூட்டத்தில் பாதிப் பேர் கொட்டாவியை விருதுக்கான மரியாதையோடு மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கனமான ஒரு பித்தளைத் தட்டைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கண்ணாடிக்காரர் ஒலிபெருக்கி முன் நின்றார். தட்டில் அவள் பெயருக்குக் கீழே 'முழுமையின் காவலர்' என்று பொறித்திருந்தது. இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். இது அவள் வேலை இல்லை, அவள் செய்த ஒன்றுகூட இதில் இல்லை, நீங்கள் பார்த்துவிட்டுக் கொன்றீர்கள், பார்க்காமலே புகழ்கிறீர்கள். ஒவ்வொன்றாக மனதில் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றாக வெட்டிவிட்டார். அவளோடு ஏழு வருடம் இருந்ததில் அது மட்டும்தான் அவருக்கு ஒட்டியிருந்தது.

"அவ இருந்திருந்தா" என்றார், "இந்த விழா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

கீழே இறங்கிவிட்டார். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மைத்துனி, விளையாட்டுத் திடலில் கத்துகிற குரலில் சிரித்தாள். அவள் மட்டும்.

இரண்டு மாதம் கழித்து விழா மலர் வந்தது. வழவழப்பான தாள். மைத்துனி அதைப் பிரித்து மேசைமேல் வைத்துப் பக்கங்களைப் புரட்டினாள். 'எஞ்சிய தரப்பின் ஏற்புரை' என்ற தலைப்பில் நாலு பக்கம் இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. அவரது உரை மேடையில் மிகவும் சுருங்கிவிட்டதால், அவர் சொல்லாமல் விட்ட பகுதிகளை மன்றம் மீட்டெடுத்துச் சேர்த்திருக்கிறது.

அவள் கொஞ்ச நேரம் படித்தாள். "அத்தான், இதுல நீங்க தலைவருக்கு ரெண்டு தடவை நன்றி சொல்லியிருக்கீங்க."

"சரி."

"விமர்சகரைக் கட்டிப் பிடிச்சிருக்கீங்க."

"ம்."

அவள் குரல் இறங்கியது. "மூணு இடத்துல அழுதிருக்கீங்க."

மனைவி போன நாளிலிருந்து அவர் ஒரு தடவைகூட அழவில்லை. மருத்துவமனையில் இல்லை, மயானத்தில் இல்லை, காலி வீட்டுக்குத் திரும்பி வந்து சாவியைக் கதவில் போட்டபோது இல்லை. கண்ணில் ஏதாவது கோளாறோ என்று கடையில் தன் கண்ணைத் தானே சோதித்துப் பார்த்திருக்கிறார். ஒரு கோளாறும் இல்லை.

"எந்தப் பக்கத்துல?" என்று கேட்டார்.

அவள் காட்டினாள். அவர் மலரை வாங்கி, வெளிச்சம் படும்படி பிடித்து, அந்த இடத்தை முழுவதும் படித்துப் பார்த்தார். நன்றாகத்தான் அழுதிருந்தார்.